பதினெட்டுத் தட்டும் நான் அடுக்கியது

கோர் ஷெட்டுன்னா என்னன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு போடணும் சார். மத்தவங்க எல்லாம் கார் ஷெட்டுன்னு நினைச்சுக்கறாங்க. என் மச்சினனே கல்யாணப் பத்திரிகை அனுப்பறப்ப 'உத்திராபதி, கார் ஷெட்'னு விலாசம் போட்டு அனுப்பினான். நான் இதுவரைக்கும் ஒரு காரைக் கழுவினதுகூட கிடையாது.

கோர். எண்ணெய்க் கிணறு தோண்டறாங்கல்ல, அப்ப நடுவுல பொந்தா இருக்கற குழாய் ஒண்ணை உள்ள இறக்குவாங்க. அது ரெண்டாயிரம் மீட்டர் ஆழத்துலேருந்து பாறையை முழுசா, உருட்டுக்கட்டை மாதிரி மேல கொண்டாந்துடும். வாழைத்தண்டு பாத்திருப்பீங்க. அதே பருமன், அதே உருட்டு, ஆனா கல்லு. அதுதான் கோர். அதை ஒவ்வொரு மீட்டரா பெட்டியில வச்சுக் கொட்டகையில அடுக்கி வச்சிருப்பாங்க. படிச்சவங்க வந்து பாப்பாங்க, சுரண்டுவாங்க, பொடி பண்ணிக் கொண்டு போவாங்க. எண்ணெய் எங்கேருந்து ஊறுது, எப்படி ஏறுது, எல்லாம் அந்தக் கல்லுலதான் எழுதியிருக்காம். அந்தக் கொட்டகைக்கு இருபத்திரண்டு வருஷமா நான்தான் ஆளு. ஆபீஸ் பேரு மட்டும் கேக்காதீங்க. நான் விசுவாசமான ஆளு, ஆபீஸைப் பத்தி வெளிய பேசறதில்ல.

ஆனா ஒரு மனக்குறை இருக்கு. அதைச் சொல்லாம இருக்க முடியல. நீங்க சீர்காழியில பஸ்ஸை விட்டு இறங்கிட மாட்டீங்களே? சென்னையா, நல்லதாப் போச்சு. நான் சிதம்பரம்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி டெல்லியிலேருந்து ஒரு பெரிய அதிகாரி ஷெட்டைப் பாக்க வராருன்னு தகவல் வந்துச்சு. எங்க சாரு, சாரநாதன் சாரு, நல்ல மனுஷன், கொஞ்சம் பதட்டம். "உத்திராபதி, மூணு நாள்தான் இருக்கு, ஷெட்டு பளிச்சுன்னு இருக்கணும்"னாரு. எனக்கு அது போதும். அங்க ஒரு பழைய கிணத்தோட கோர் இருந்துச்சு, பதினெட்டு மரப்பெட்டி. கரையான் புகுந்து பெட்டியெல்லாம் உளுத்துப் போயிக் கிடக்கு. தொட்டா உதிருது. புதுசா தகரத்தட்டு வந்திருந்துச்சு. ரெண்டே நாள்ல பதினெட்டுப் பெட்டிக் கல்லையும் தட்டுக்கு மாத்தி, தட்டு மேல ஒண்ணுலேருந்து பதினெட்டு வரைக்கும் நானே பெயின்ட்டால நம்பர் போட்டேன். என் கையெழுத்தைப் பாத்தீங்கன்னா அச்சடிச்ச மாதிரி இருக்கும்.

சும்மா கொட்டி வச்சேன்னு நினைச்சுடாதீங்க. கல்லு மேல எவனோ சிவப்பும் கறுப்புமா கோடு இழுத்து, அம்புக்குறி போட்டு, சின்னப்புள்ளைங்க சுவத்துல கிறுக்கின மாதிரி வச்சிருந்தான். மண்ணெண்ணெயில துணியை நனைச்சு ஒவ்வொண்ணா துடைச்சேன். அப்பறம் கறுப்புக் கல்லு ஒரு பக்கம், வெள்ளைக் கல்லு ஒரு பக்கம், நடுவுல சாம்பல் நிறம். நாலஞ்சு துண்டுல வெள்ளையா ஒரு கோடு ஓடும். அதெல்லாம் தட்டோட நடுவுல வர்ற மாதிரி திருப்பித் திருப்பி வச்சேன். கோலம் மாதிரி இருந்துச்சு சார். அந்த அதிகாரி பத்தடி நடந்துட்டு நின்னாரு. "வெல் கெப்ட்"னாரு. சாரநாதன் சாரு என்னைப் பாத்துத் தலையாட்டினாரு. அந்தத் தலையாட்டலுக்கு நான் இன்னும் பத்து வருஷம் உழைப்பேன்.

பழைய மரப்பெட்டியா? கரையான் தின்னது போக மிச்சம் எங்க வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் போச்சு. நம்பர் போட்ட பலகைன்னா நல்லா எரியும்.

அப்பறம் மூணு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணு வந்துச்சு. சுகிர்தா. மார்த்தாண்டம் பக்கம். யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்ணுது, டாக்டர் பட்டத்துக்கு. ஐப்பசி மழை பிடிச்ச அன்னைக்குக் குடையில்லாம வந்து நின்னுச்சு, தோள்ல ஒரு பை, அதுக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை. "அண்ணா, இந்தக் கிணத்துக்க கோர் பாக்கணும்"னு கடிதாசியை நீட்டுச்சு. எந்தக் கிணறுன்னு பாத்தா, என் பதினெட்டுத் தட்டு.

எனக்கு மனசு குளுந்து போச்சு. இழுத்து வெளிய வச்சேன். அது குனிஞ்சு பாத்துட்டு, "கல்லுல கோடு ஒண்ணும் காணலியே அண்ணா?"ன்னுச்சு.

"எங்க ஷெட்டுல அதெல்லாம் இருக்காதும்மா. சுத்தமா வச்சிருப்போம்"னேன்.

அது தட்டு நம்பரை எழுதிக்கிட்டு வேலையைத் தொடங்கிடுச்சு. கெட்டிக்காரப் பொண்ணு சார். காலைல ஒம்பது மணிக்கு வந்தா அஞ்சு மணி வரைக்கும் தலை நிமிராது. ஒவ்வொரு தட்டுலேருந்தும் சுண்டு விரல் அளவுக்குக் கல்லு எடுத்து, உடைச்சு, கழுவி, மைக்ரோஸ்கோப்புல பாக்கும். அதுல நொய்யரிசியை விடச் சின்னதா சிப்பியெல்லாம் இருக்கும். கோடி வருஷத்துக்கு முன்னாடி கடல்ல இருந்த உயிராம். எந்தச் சிப்பி இருக்குன்னு பாத்தா அந்தக் கல்லுக்கு என்ன வயசுன்னு தெரிஞ்சுடுமாம். கீழ இருக்கறது பழசு, மேல இருக்கறது புதுசு. அதுல என்ன அதிசயம், நம்ம வீட்டுப் பரண்லயும் அப்படித்தான்.

மூணாவது வாரம் ஒருநாள், டீயை வச்சுட்டுத் திரும்பறேன், "அண்ணா"ன்னு கூப்பிடுது. முகம் வெளுத்திருக்கு. "அண்ணா, பழசு மேல இருக்கு, புதுசு கீழ இருக்கு."

"அப்படியும் இருக்கும்மா. பூமியாச்சே"ன்னேன்.

"இந்தத் தட்டை எப்பமாவது மாத்தினீங்களா?"

நான் பட்டுன்னு சொன்னேன், மாத்தவே இல்லன்னு. சத்தியமா நான் மாத்தல சார். மாத்தறதுன்னா என்ன? இந்தக் கிணத்துக் கல்லை அந்தக் கிணத்துக் கல்லோட கலந்துடறது. அந்தத் தப்பை நான் கனவுலயும் செய்ய மாட்டேன். நான் பண்ணினது அடுக்கினது. அது அடுக்கினீங்களான்னு கேட்டிருந்தா அடுக்கினேன்னு சொல்லியிருப்பேன்.

அது உடனே அவங்க பேராசிரியருக்குப் போன் போட்டுச்சு. அவரு அங்க குதிக்கறாரு. பூமிக்கு அடியில பாறை அப்படியே பாய் மடிக்கற மாதிரி மடிஞ்சு புரண்டு கிடக்காம். இந்தக் காவிரிப் படுகையில இதுவரைக்கும் யாரும் பாக்காததாம். அப்படின்னா எண்ணெயை வேற இடத்துல தேடணுமாம். தை மாசம் சென்னையில ஒரு பெரிய கூட்டம், அதுல நீதான் பேசணும்னு சொல்லிட்டாரு.

எனக்குத் தலைகால் புரியல. என் ஷெட்டுல ஒரு அதிசயம். டீக்கடையில, கோயில்ல, பல்லு டாக்டர்கிட்ட, எல்லார்கிட்டயும் சொன்னேன். "நம்ம ஷெட்டுல பூமி புரண்டிருக்கு"ன்னு. பல்லு டாக்டர் வாயை மூடச் சொன்னாரு. இல்ல, திறக்கச் சொன்னாரு.

அந்த ரெண்டு மாசம் அந்தப் பொண்ணு பட்ட பாடு இருக்கே. மழையில ஷெட்டு ஒழுகும். பிளாஸ்டிக்கைக் கட்டிக்கிட்டு அதுக்கு அடியில உக்காந்து சிப்பி எண்ணும். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகல. அவங்க அம்மா போன்ல அழறது எனக்கே கேட்டுச்சு. நான் லைட்டைப் பிடிப்பேன், தட்டைத் தூக்குவேன், அபிப்பிராயம் சொல்வேன். ஒருநாள் அது கல்லுல வளைஞ்சு வளைஞ்சு போற சின்னச் சின்னப் பொந்தைக் காட்டுச்சு. கடல்ல இருந்த புழு சேத்துக்குள்ள தோண்டின வழியாம். "அண்ணா, இந்தப் புழு எல்லாம் கீழேருந்து மேல பாத்துத் தோண்டியிருக்கு. புழு அப்படித் தோண்டாதே"ன்னு யோசிச்சுச்சு.

"மனுஷன்லயே எத்தனை தினுசு இருக்கான், புழுவுல இருக்காதா"ன்னேன். சிரிச்சுச்சு. ஆனா அன்னைக்கு மத்தியானம் சாப்பிடல.

சென்னைக் கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம். அந்தப் பொண்ணுக்கு மேடையில பேசறதுன்னா கூச்சம். பாடத்தை யார் முன்னாடியாவது ஒப்பிச்சுப் பாக்கணும்னு ஒரு சனிக்கிழமை என்னை ஸ்டூல்ல உக்கார வச்சு, லேப்டாப்பைத் திறந்து வச்சு, இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா கவனமா கேட்டேன். ஒவ்வொரு படமா வருது. ஏழாவது படத்துல என் தட்டு. கலர்ல. சார், சொந்தப் புள்ளையை மேடையில பாத்த மாதிரி இருந்துச்சு எனக்கு. கையைத் தூக்கினேன்.

"என்ன அண்ணா, சந்தேகமா?"

"சந்தேகமில்லம்மா. இந்த வெள்ளைக்கோடு எல்லாம் சொல்லி வச்ச மாதிரி நடுவுல வருது பாரு, அது தானா வரல. நான்தான் திருப்பித் திருப்பி வச்சேன். கறுப்பை எல்லாம் ஒரு பக்கமா சேத்ததும் நான்தான். கூட்டத்துல சொல்றப்ப அதையும் ஒரு வார்த்தை சேத்துக்க."

அது லேப்டாப்புலேருந்து கையை எடுத்துச்சு.

"எப்பம் அண்ணா?"

சொன்னேன். அதிகாரி வந்தது, கரையான், மண்ணெண்ணெய், வெந்நீர் அடுப்பு, எல்லாம் வரிசையா சொன்னேன். நல்லா கேட்டுச்சு சார். நடுவுல ஒரு வார்த்தை பேசல. அவ்வளவு மரியாதை. முடிச்சதும் மெதுவா லேப்டாப்பை மூடிட்டு வெளிய போயி, குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கிட்டே இருந்துச்சு. கால் மணி நேரம் இருக்கும். கல்லுத் தூசு கண்ணுல விழுந்துடும் சார் அங்க, எனக்கே அடிக்கடி ஆகும். கண்ணு ரெண்டும் சிவந்து போய் வந்துச்சு.

வந்து என் முன்னாடி தரையில உக்காந்துச்சு. "அண்ணா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வருவீங்களா? எந்தத் துண்டு எங்க இருந்துதுன்னு உங்களுக்கு நினைவு இருக்கா?"

"மூணு வருஷந்தானே ஆச்சு. கை மறக்குமா?"ன்னேன்.

நாலு நாள் சார். தரையில சாக்கை விரிச்சுப் பதினெட்டுத் தட்டையும் கொட்டினோம். ஒரு துண்டு உடைஞ்ச முனையும் அடுத்த துண்டு உடைஞ்ச முனையும் பூட்டு சாவி மாதிரி பொருந்தணும். அது புழுவைப் பாத்து, மணலோட பருமனைப் பாத்து, இது தலை இது காலுன்னு சொல்லும். பெருமணல் அடியில தங்குமாம், பொடிமணல் மேல படியுமாம். நான் கண்ணை மூடிக்கிட்டு முனையைத் தடவிப் பாத்து ஜோடி சேப்பேன். ஒவ்வொண்ணும் சேர்றப்ப 'டொக்'குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, ரெண்டு பேருமே நிமிந்து பாத்துச் சிரிப்போம். முதல் நாள் அது சிரிக்கல. மூணாம் நாள் சிரிச்சுச்சு.

நாலாம் நாள் எல்லாம் சேந்துடுச்சு. ஒரு இடத்துல மட்டும் ஒரு ஜாண் காணோம். கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் சந்திக்கற இடம். அதுதான் முக்கியமான இடம், அது இல்லாட்டி இதுவரை பண்ணினது எதுக்கும் அர்த்தமில்லன்னுச்சு. நான் கொஞ்சம் யோசிச்சேன். "அது பத்திரமா இருக்கும்மா, கவலைப்படாத. தட்டுல கொள்ளல, பாக்க லட்சணமா இருந்துச்சு, சாரநாதன் சாருக்கு மேஜையில காகிதம் பறக்காம வைக்கக் குடுத்தேன்"னேன்.

அது தலையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு. கண்ணுல தண்ணி வர சிரிச்சுச்சு.

ரெண்டு பேரும் போனோம். சாரு அந்தக் கல்லு மேல கையை வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாரு. மூணு வருஷமா அவரு கை பட்டுப் பட்டு வழவழன்னு ஆகியிருந்துச்சு. அது, "சார், இந்தக் கல்லு ஒரு வாரம் வேணும்"ன்னுச்சு. அவரு, "எதுக்கும்மா?"ன்னாரு. நான் வாயைத் திறந்து, "சார், அது நம்ம பழைய கிணத்து..."ன்னு ஆரம்பிக்கறேன், அந்தப் பொண்ணு என் காலை நறுக்குன்னு மிதிச்சுடுச்சு. நடக்கறப்ப பாத்து நடக்காது சார், அது ஒரு குறை. "அழகான சந்திப்பு சார், போட்டோ எடுக்கணும்"னு அதுவே சொல்லிடுச்சு. சாருக்குப் பெருமை. தானே துடைச்சுக் குடுத்தாரு.

'டொக்'குன்னு உக்காந்துச்சு. அப்ப பாத்தா பூமி புரளல, ஒண்ணும் புரளல. எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. எனக்குக் கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருந்துச்சு. பல்லு டாக்டர்கிட்ட வேற சொல்லி வச்சிருக்கேன். ஆனா அது சொல்லுச்சு, கறுப்புக் கல்லு முன்னாடி நினைச்சதைவிட ஒண்ணரை மடங்கு தடிமனா இருக்காம். அதுலதான் எண்ணெய் ஊறுமாம்.

அப்பறம் பேராசிரியருக்குப் போன் பண்ணுச்சு. அவரு கத்தினது ஷெட்டுத் தகரத்துல எதிரொலிச்சுச்சு. ரெண்டு மாச உழைப்பு, கூட்டத்துல பேரு குடுத்தாச்சு, இப்ப வந்து இல்லங்கறியா, எவன் செஞ்ச வேலை இதுன்னு. இது நிதானமா சொல்லுது, "தெரியல சார். பழைய காலத்துல யாரோ கையாண்டிருக்காங்க." நான் பக்கத்துலதான் நிக்கறேன். மறந்து போச்சு போலன்னு, "நான்தான்னு சொல்லும்மா"ன்னு சைகை காட்டினேன். அது போனைக் காதுல வச்சுக்கிட்டே மழையில இறங்கி நடந்து போயிடுச்சு. அங்க டவர் நல்லா கிடைக்கும்.

ஆனா ஆளு விடல சார். கூட்டத்துல போய் நின்னு, நான் முதல்ல தப்பா நினைச்சேன், இப்படித்தான் கண்டுபிடிச்சேன்னு அத்தனை பேருக்கு முன்னாடி சொல்லிடுச்சாம். கலைஞ்சு கிடக்கற கோரை எப்படித் திரும்ப வரிசைப்படுத்தறது, புழுவை எப்படிப் பாக்கறது, மணலை எப்படிப் பாக்கறது, முனையை எப்படிப் பொருத்தறதுன்னு ஒரு கட்டுரையே எழுதிடுச்சு. வெளிநாட்டுப் பத்திரிகையில வந்திருக்கு. இப்ப மத்த ஊரு ஷெட்டுலல்லாம் அதை வச்சுத்தான் சரி பாக்கறாங்களாம். யோசிச்சுப் பாருங்க, நான் மட்டும் அன்னைக்கு அடுக்காம இருந்திருந்தா? அந்தக் கட்டுரை ஏது?

இங்கதான் சார் என் மனக்குறை. கட்டுரை ஒரு பிரதி எனக்கு அனுப்பி வச்சுச்சு. என் மக தையல்நாயகி நர்சிங் படிக்குது, அதுகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். பேராசிரியருக்கு நன்றி. சாரநாதன் சாருக்கு நன்றி, முக்கியமான ஒரு துண்டைப் பாதுகாத்து வச்சிருந்ததுக்காம். அவரு பாதுகாத்தாரு, காகிதத்தை. அப்ப எனக்கு எங்கன்னேன். அது திரும்பத் திரும்பப் பாத்துட்டு ஒரு வரியைப் படிச்சுச்சு. 'முன்னொரு காலத்தில், அடையாளம் தெரியாத ஒருவர் இதைக் கையாண்டபோது.'

அடையாளம் தெரியாத ஒருவர். இருபத்திரண்டு வருஷமா என் கழுத்துல போட்டோவோட அடையாள அட்டை தொங்குது சார்.

என் மக என்னடான்னா, "அப்பா, இதை ஆபீஸ்ல யாருக்கும் காட்டாதீங்க"ங்குது. அதுக்குச் சின்ன வயசுலேருந்தே கூச்ச சுபாவம். நான் சுகிர்தாவுக்கே போன் போட்டேன். ஏம்மா, எத்தனை டீ வச்சேன், எத்தனை தட்டு தூக்கினேன், என் பேரைப் போட உனக்கு மனசு வரலையான்னு. அது, "அண்ணா, உங்க பேரு வேண்டாம்ணுதான் விட்டேன்"ன்னுச்சு. வேண்டாமாம். கேட்டீங்களா. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கேக் மட்டும் மறக்காம வருது. முந்திரியெல்லாம் போட்டு, நல்லாத்தான் இருக்கும். அதுக்காக?

அதான் சார், இதோ. மனு. தலைமை ஆபீஸுக்கு, மேலதிகாரிக்கு. 'மேற்படி கட்டுரையில் கண்ட அடையாளம் தெரியாத நபர் அடியேன்தான், கோடுகளை அழித்ததும் வரிசையை அமைத்ததும் அடியேன் ஒருவனே, வேறு எவருக்கும் இதில் பங்கில்லை'ன்னு தெளிவா எழுதியிருக்கேன். ஊழியர் எண்ணும் போட்டாச்சு. சாரநாதன் சாருக்குத் தெரிஞ்சா தனக்கும் பங்கு வேணும்பாரு, அதனால ஊர்த் தபாலாபீஸ்ல போடாம சிதம்பரத்துல போடலாம்னு கொண்டு போறேன். இன்னைக்கு அங்க தங்கச்சி வீட்டுல காதுகுத்து. நீங்க படிச்சவங்களா தெரியறீங்க. ஒருவாட்டி பாருங்க, பிழை இருந்தா சொல்லுங்க.

மெதுவாப் படிங்க. கொள்ளிடம் பாலம் இப்பத்தான் ஏறுது.

ஏன் சார் இவ்வளவு நேரம் யோசிக்கறீங்க? எனக்கு ஓய்வு பெற எத்தனை வருஷம் இருக்கா? நாலு வருஷம் இருக்கு. ஏன் கேக்கறீங்க? பொண்ணு படிப்பு முடிய ரெண்டு வருஷம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு தெரியல. இருந்தாலும் கேட்டீங்க, சொல்லிட்டேன்.

என்ன சார்? நீங்களேவா? சென்னையில அந்த ஆபீஸ் வழியாத்தான் போறீங்களா? நேர்லயே குடுத்துடறீங்களா? சார், உங்களை நான் என்ன சொல்றது. தபால்ல போனா எங்கயாவது தொலைஞ்சு கிடக்கும், நேர்ல குடுத்தா அதுக்கு ஒரு மதிப்பு. பிரதியா? பிரதி ஒண்ணும் கிடையாது, அது ஒண்ணுதான். ரெண்டு ராத்திரி உக்காந்து எழுதினது, திருப்பி எழுத என்னால ஆகாது. பைக்குள்ள நல்லா அடியில வச்சுக்குங்க. அப்படித்தான். யார் கண்ணுலயும் படாம.

பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு. கண்டக்டர், ஒரு நிமிஷம் இருங்க. சார், உங்க பேரு என்னன்னு சொல்லவே இல்லையே?

பரவாயில்லையா? என்ன பரவாயில்ல? இது நல்லா இல்ல சார். ஒரு மனுஷன் இன்னொருத்தனுக்கு நல்லது செஞ்சா செஞ்சவன் பேரு வெளிய தெரியணும். காரைக்கால்லேருந்து இவ்வளவு நேரமா நான் உங்ககிட்ட அதைத்தானே சொல்லிட்டு வரேன்.